இல்லாத தீவுக்கு வானிலை பார்த்த வைத்தியர்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசிக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் இப்போது நிறையக் கற்பனைக் கதைகள் எழுதுகிறார்கள். பறக்கும் பாம்பு, மந்திர வாள், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் இராச்சியம். வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அநேகமான கதைகளில் ஒரு விடயம் ஒரே மாதிரி வருகிறது. அரண்மனை முற்றத்தில் பனி கொட்டும். அடுத்த பக்கத்தில் அதே முற்றத்தில் தென்னை மரம் காய்த்து நிற்கும். கேட்டால், "சேர், இது கற்பனை உலகம்தானே" என்பார்கள்.

கற்பனை உலகத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நியாயம் வேண்டுமா? இந்தக் கேள்வி ஹொலிவூட் படங்களோடு வந்த ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். 800 வருடங்களுக்கும் முன்பே ஒரு முஸ்லிம் வைத்தியர் தன் கதைக்காக இருந்து யோசித்த கேள்வி இது. அவர் கற்பனை செய்த தீவு இருப்பதும் நம்முடைய கடலில்தான்.

அவர் பெயர் இப்னு துபைல். ஏறத்தாழ 1105இல் இன்றைய ஸ்பெயினில், கிரனாடாவுக்குக் கிட்டவுள்ள வாதி ஆஷ் என்ற ஊரில் பிறந்தவர். முவஹ்ஹித் கலீபா அபூ யஃகூப் யூசுபின் அரண்மனை வைத்தியராக இருந்தார். இப்னு ருஷ்தை அந்தக் கலீபாவிடம் அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். 1185இல் மராகிஷில் வபாத்தானார்.

அவர் எழுதிய கதைதான் 'ஹய்யு இப்னு யக்ழான்'. ஆளில்லாத ஒரு தீவில் ஒரு பிள்ளை தனியே வளர்கிறான். ஒரு பெண்மான் பால் கொடுத்து அவனை வளர்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், பார்த்தும் யோசித்தும் உலகத்தை அறிந்து, கடைசியில் படைத்தவனையும் அறிகிறான். 1671இல் இந்த நூல் இலத்தீனிலும், 1708இல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்திலும் வந்தது. ஐரோப்பாவில் பலர் விரும்பி வாசித்த நூல்.

எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பேச விரும்புவது அந்தத் தீவைப் பற்றி.

கதையின் தொடக்கத்திலேயே இப்னு துபைல் இடத்தைச் சொல்லிவிடுகிறார். இந்தியத் தீவுகளில் ஒன்று, மத்தியகோட்டின் கீழே இருப்பது. அந்தத் தீவு நம் இலங்கைதான் என்று ஊகித்தவர்களும் உண்டு. ஸரந்தீப் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நாமும் உரிமை கோர வேண்டாம்.

பிள்ளை அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்பதற்கு அவர் இரண்டு கதைகள் தருகிறார். ஒன்றில் தாய் அவனைப் பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறாள். மற்றதில் தாயும் தகப்பனும் இல்லாமல், களிமண்ணிலிருந்தே உருவாகிறான். இந்த இரண்டாவது கதைக்குத்தான் வானிலை தேவைப்பட்டது. அப்படி ஒன்று நடக்க வேண்டுமானால் சூடும் குளிரும் மிகச் சமமாக உள்ள இடமாக அது இருக்க வேண்டும். அதை நம்புவதா இல்லையா என்பது வேறு விடயம். கதைக்கு எது தேவை என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. அது ஏன் அங்கே இருக்க முடியும் என்று காட்ட வேண்டிய கடமையும் தனக்கு உண்டு என்று அவர் நினைத்தார்.

இங்கேதான் அவருக்குச் சிக்கல் வந்தது. மத்தியகோட்டுப் பக்கம் மனிதன் வாழ முடியாத அளவுக்குச் சூடு என்பது அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து வந்த கருத்து. அரபுப் புவியியலாளர்கள் மனிதர் வாழும் நிலத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஏழு இக்லீம்களாகப் பிரித்திருந்தார்கள். இப்னு துபைலின் காலத்தவரான அல்-இத்ரீஸி, ஸிஸிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் முடித்த நூலில், ஒவ்வோர் இக்லீமையும் பத்தாகப் பிரித்து 70 வரைபடங்கள் போட்டார். இந்த ஏழில் நடுவில் உள்ள நான்காவது இக்லீம்தான் மிகச் சமநிலையானது என்பது பெரிய அறிஞர்கள் பலரின் முடிவு. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள் பல அதற்குள் அடங்கும். தன் ஊர் வானிலையே சிறந்தது என்று நினைப்பது மனித இயல்பு போலும்.

இக்லீம் என்ற சொல்லையும் பாருங்கள். கிரேக்கத்தின் 'க்ளிமா'விலிருந்து வந்தது. க்ளிமா என்றால் சாய்வு. சூரியன் ஓரிடத்தில் எவ்வளவு சாய்ந்து தெரிகிறது என்பதை வைத்தே ஒரு நாட்டின் தன்மையை அளந்தார்கள். ஆங்கிலத்தின் 'கிளைமேட்' அதே சொல்தான். மலாய் மொழியில் இன்றும் காலநிலைக்கு இக்லிம் என்றே பெயர்.

இப்னு துபைல் அந்தப் பெரியவர்களோடு மோதினார். அவருக்கு முன் இப்னு ஸீனாவும் மத்தியகோட்டுப் பகுதி மிதமானது என்று வாதிட்டவர். இப்னு துபைலின் வாதத்தை எளிமையாகச் சொல்கிறேன். மத்தியகோட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தரம் மட்டுமே. மற்ற நாட்களில் ஆறு மாதம் வடக்கே நிற்கும், ஆறு மாதம் தெற்கே நிற்கும். ஓரிடத்திலேயே நிலைத்து நின்று சுடுவதில்லை. ஆகவே அங்கே அளவு கடந்த சூடும் இல்லை, அளவு கடந்த குளிரும் இல்லை.

அவர் அந்தத் தீவைக் கண்டவரல்ல. ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் இருந்துகொண்டு, காணாத ஓரிடத்தின் வானிலையைக் காரணத்தால் கணித்தார். முக்கால்வாசி சரி. மத்தியகோட்டை அண்டிய கடலோரங்களில் தை மாதத்துக்கும் ஆடி மாதத்துக்கும் இடையே வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. பக்தாதின் ஜூலை வெயிலும் ஜனவரிக் குளிரும் நமக்குத் தெரியாதவை. சூரியன் இரண்டு தரம் உச்சிக்கு வருவதையும் நாம் நம் தலைக்கு மேலே பார்க்கலாம். நாம் மத்தியகோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலும் மறுபடி ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் நம் நிழல் காலடிக்குள் ஒதுங்கிவிடும்.

மீதிக் கால்வாசி என்ன? சூரியனின் சாய்வை மட்டும் கேட்டால் வெப்பம் ஓரளவு தெரியும். மழை தெரியாது. சிங்கப்பூரும் சோமாலியாவின் மொகடிஷுவும் மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ ஒரே அளவு கிட்டவே இருக்கின்றன. சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மொகடிஷுவில் 500 கூட இல்லை. இக்லீம் ஒன்று, வாழ்க்கை இரண்டு. இதற்குச் சூரியனிடம் பதில் இல்லை. காற்றிடமும் கடலிடமும்தான் கேட்க வேண்டும்.

காற்றை முதலில் படித்தவர்கள் கடலோடிகள். அரபியில் 'மவ்ஸிம்' என்றால் பருவம். எந்தப் பருவத்தில் எந்தத் துறைமுகத்திலிருந்து பாய் விரிக்கலாம் என்பதுதான் அவர்கள் கவலை. அந்தச் சொல் போர்த்துக்கேயர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் 'மொன்சூன்' ஆனது. 15ஆம் நூற்றாண்டில் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் எழுதிய கடல் நூல்களில் இந்தப் பயணக் காலங்கள் விரிவாக உண்டு. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கு மரக்கலம் வந்து போனதும் இந்தக் கணக்கில்தான்.

காற்று எப்போது வரும் என்று மாலுமிக்குத் தெரிந்திருந்தது. ஏன் வருகிறது என்பதை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹாலி. வால்வெள்ளிக்குப் பெயர் போன அதே ஹாலிதான். 1686இல் உலகக் கடற்காற்றுகளுக்கு ஒரு வரைபடம் போட்டு, சூரிய வெப்பம்தான் காற்றை ஓட்டுகிறது என்றார். ஆனால் வியாபாரக் காற்று ஏன் நேர் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வராமல் கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது? 1735இல் ஜோர்ஜ் ஹட்லி, பூமி சுழல்வதுதான் காரணம் என்றார். பிற்பாடு வந்தவர்கள் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். அடிப்படை நின்றுவிட்டது.

இப்போது இப்னு துபைலின் தீவை வைத்துவிட்டு நம் தீவைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்கே கரையேறுகிறது. நடுவே மலைநாடு. காற்று மேலே ஏறும்போது குளிர்கிறது, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மேற்குச் சரிவில் சில இடங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்கச் சூடாகிறது. அதுதான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் உடம்பை உலர்த்துகிற கச்சான். கொழும்பில் குடை பிடிக்கும் நாளில் இங்கே வட்டையில் புழுதி பறக்கும். பிறகு மார்கழி, தையில் வடகீழ் பருவக்காற்று வந்து நம் பக்கம் நனைக்கும்.

நம் தீவின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். ஒரு மலை குறுக்கே நின்றதால் இரண்டு வானிலை, இரண்டு விதமான பயிர்ச்செய்கை, இரண்டு விதமான வாழ்க்கை. மலையை எடுத்துவிட்டால் கச்சானும் இல்லை, கச்சானைத் திட்டும் பேச்சும் இல்லை. மலையின் உயரமும் ஒரு வேலை செய்கிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். ஏழாம் அகலக்கோட்டில் இருக்கும் நுவரெலியாவில் கம்பளிச் சட்டை விற்பது அதனால்தான்.

இனி நம் பிள்ளைகள் படமாகப் பார்த்த கதைகளுக்கு வருவோம்.

டொல்கீன் எழுதிய 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' 1954, 1955இல் வெளிவந்தது. அவர் வரைபடத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு எழுதியவர். ஹொபிட்கள் வாழும் ஊர் ஒக்ஸ்போர்டின் அகலக்கோட்டில் இருப்பதாகவும், மினாஸ் திரித் நகரம் இத்தாலியின் புளோரன்ஸ் அகலக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதாகவும் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். 2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டான் லன்ட் என்ற காலநிலை ஆய்வாளர் அந்த வரைபடத்தை எடுத்து, நிஜமான பூமிக்குப் பயன்படுத்தும் அதே காலநிலைக் கணினி மாதிரியில் போட்டார். ஹொபிட்களின் ஊர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் போல வந்தது. தீயவனின் மோர்டோர் லொஸ் ஏஞ்சல்ஸ் போலவும் மேற்கு டெக்ஸாஸ் போலவும் வந்தது. மேற்கிலிருந்து வரும் காற்று பனிப்புகை மலைத்தொடரில் ஈரத்தை இழந்ததால், மலைக்குக் கிழக்கே வறட்சி. நம் கச்சான் கதைதான். டொல்கீனின் உலகத்திலும் மலைக்கு மறுபக்கம் காய்கிறது.

இரண்டாவது உதாரணம் இன்னும் சுவையானது. பிராங்க் ஹேர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்'. அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் மணல்மேடுகள் நகர்வதையும், புல் நட்டு அவற்றை நிறுத்த முயன்றதையும் பார்த்ததில் தோன்றிய எண்ணம் அது. கதையில் அரபுச் சொற்கள் நிறைய வருவதால் நம் இளைஞர்கள் ஆவலோடு பார்த்த படமும்கூட. முழுக் கிரகமும் பாலைவனம். நடுப்பகுதி வாழ முடியாத சூடு என்று வைத்து, மக்களைத் துருவத்தின் பக்கமாக ஹேர்பர்ட் குடியேற்றினார். துருவத்தில் பனிக்கட்டியும் வைத்தார்.

2021இல் பிரிஸ்டல், ஷெபீல்ட் ஆய்வாளர்கள் சிலர் அந்தக் கிரகத்தையும் கணினி மாதிரியில் ஓட்டினார்கள். கணக்கு முடிய மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தது. மணற்கிரகமாக அது நிற்கும் என்பதில் ஹேர்பர்ட் சரி. ஆனால் மக்களை வைத்த இடம் தவறு. மத்தியகோட்டை அண்டிய வலயத்தில் சூடான மாதங்களில் ஏறத்தாழ 45 பாகை, குளிர் மாதங்களிலும் 15 பாகைக்குக் கீழே போகவில்லை. கஷ்டம்தான், ஆனால் வாழலாம். அதற்கு அப்பால் கோடையில் மணல் 70 பாகை வரை கொதிக்கும். துருவத்தில் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 75 பாகை. பனிக்கட்டி கோடையில் உருகிவிடும், திரும்ப நிரப்பப் பனி பெய்யாது.

800 வருட இடைவெளியில் இரண்டு கதாசிரியர்கள். ஒருவர் மத்தியகோட்டில் ஆளை வைத்தார், மற்றவர் அங்கே வாழ முடியாது என்று தள்ளி வைத்தார். கணினி முதலாமவர் பக்கம் சாய்ந்தது. காரணம் மட்டும் ஒன்றல்ல. கணினி சொன்ன காரணத்தில் துருவப் பக்கத்து முகிலும் நீராவியும் வருகின்றன. இப்னு துபைல் கேட்டது சூரியனை மட்டும். ஆனாலும் எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், காரணத்தைக் கேட்ட மனிதருக்குக் கிடைத்த மரியாதையாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

கதை எழுதும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு ஐந்து கேள்விகளாகச் சுருங்கும்.

முதலாவது, உங்கள் நாடு எந்த அகலக்கோட்டில்? சூரியன் எவ்வளவு சாய்ந்து வருகிறது? நம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் உண்டு. பல வருடம் நீளும் குளிர்காலம் வேண்டுமென்றால் அந்தச் சாய்வையே வேறு விதமாக ஆட்ட வேண்டும். ஆட்டுங்கள், ஆனால் தெரிந்து ஆட்டுங்கள்.

இரண்டாவது, எந்த மாதம் எந்தத் திசைக் காற்று? அது கடலைத் தாண்டி வருகிறதா, தரையைத் தாண்டி வருகிறதா?

மூன்றாவது, மலை எங்கே? காற்று மோதும் பக்கம் காட்டை வையுங்கள், மறுபக்கம் முட்செடியை வையுங்கள்.

நான்காவது, கடல் எவ்வளவு கிட்ட? கடல் சூட்டையும் குளிரையும் மெதுவாக்கும். ஆபத்தையும் அதுவே அனுப்பும். சூறாவளி சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி உதவ வேண்டும். மத்தியகோட்டுக்கு மிக அருகில் அந்த உதவி இல்லாததால் சூறாவளி மிக அரிது. ஹய்யுவின் தீவு தப்பிவிட்டது. நாம் சற்று வடக்கே இருப்பதால் தப்பவில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியைப் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சில பாகை தூரம் என்ன செய்யும் என்று விளங்கும்.

ஐந்தாவது, அந்த மக்கள் எந்த நாட்காட்டியை வைத்திருக்கிறார்கள்? நமக்கு நோன்பும் பெருநாளும் பிறைக் கணக்கு. அது பருவத்தோடு நில்லாது. வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வந்து, 33 வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால்தான் ஒரே மனிதர் தன் வாழ்நாளில் கச்சானிலும் நோன்பு பிடிக்கிறார், மாரியிலும் பிடிக்கிறார். ஆனால் பெரும்போகத்துக்கு விதைக்க அந்தக் கணக்கு உதவாது. அதற்கு நம் விவசாயிகள் ஐப்பசி, கார்த்திகையைத்தான் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு நாட்காட்டி. இதைவிட உயிருள்ள ஒரு விவரத்தை எந்தக் கற்பனை இராச்சியத்துக்குத் தேடிக் கண்டுபிடிப்பது?

இதெல்லாம் கதை எழுத மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலநிலை மாற்றம் பற்றிப் பேசினால், "அதெல்லாம் கணினியில் போட்ட கற்பனை" என்று நம்மில் சிலர் தட்டிவிடுகிறார்கள். டொல்கீனின் உலகத்தை ஓட்டிப் பார்த்தவர் காட்ட விரும்பியதில் இதற்குப் பதில் உண்டு. அந்த மாதிரிக்குள் இருப்பது இன்றைய பூமியின் மழைப் பதிவுகளை வைத்துப் போட்ட ஊகம் இல்லை. காற்றும் நீரும் வெப்பமும் நடக்கும் விதிகள். அதனால்தான் இல்லாத உலகத்தைக் கொடுத்தாலும் மலைக்குப் பின்னால் வறட்சி என்று சரியாகச் சொல்கிறது. அதே விதிகள் பூமி சூடேறினால் மழை மாறும் என்றும் சொல்கின்றன. மோர்டோரைப் பற்றிச் சொன்னதை ரசித்துவிட்டு, நம் வட்டையைப் பற்றிச் சொல்வதைத் தட்டிவிடுவது நியாயமில்லை.

பனி பெய்யும் கதையை எழுத வேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். எழுதட்டும். ஆனால் தன் ஊருக்கு மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாத பிள்ளை, பனியையும் படத்தில் பார்த்து இரவல்தான் வாங்கும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் வயல் செய்கிறவர்களுக்கும் இந்தப் பெயர்களோடு இன்னும் நிறையத் தெரியும். எந்தக் காற்றில் எந்த மீன், எந்தக் காற்றுக்குப் பிறகு மழை என்று.

இதை வாசிக்கும் தோணிக்காரர்களும் வயற்காரர்களும் உங்கள் ஊரில் அந்தக் காற்றுகளுக்கு என்ன பெயர், எந்த மாதம் தொடங்கும், அதை எப்படி அறிவீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அப்படிச் சொல்லும்போது அந்தப் பேரப்பிள்ளையும் கேட்டுக்கொள்ளும். அடுத்த கதையை எழுதப் போவது அதுதான்.